உப்பளத்துப் பூவாயியின் வலது கை

படி உப்புக்குப் படி நெல் மாற்றிக்கொண்ட காலம் அது. கடலோரச் சீமையை ஓர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நல்லதையும் அவசரமாகச் செய்பவன்.

ஓர் ஆடி மாதம் கொள்ளையர் படகேறி வந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாழங்காட்டுக்குள் ஒளிந்தார்கள். மூன்று பகல், மூன்று இரவு. ஒரு பிள்ளை அழுதாலும் எல்லோருக்கும் சாவு. பூவாயியும் தன் கைக்குழந்தை செவந்தியின் வாயைப் பொத்திக்கொண்டே கிடந்தாள். நாலாம் நாள் வெளியே வந்தால் குடிசை சாம்பல், கட்டியவன் பிணம்.

இரண்டு வருஷம் ஓடியது. பூவாயி கூலிக்கு உப்புச் சுமந்தாள். வீட்டில் ஒருவேளைக் கஞ்சி. செவந்திக்கு மூன்று வயதாகப்போகிறது. பேச்சில்லை, சிரிப்பில்லை, அழுகைகூட இல்லை.

செய்தி அரசன் காதுக்கு எட்டியது. "மூன்று பௌர்ணமி தவணை. அதற்குள் வாய் திறக்காவிட்டால் அந்தப் பிள்ளையை அரண்மனை வளர்க்கட்டும்" என்று ஆணையிட்டான்.

ஓலையைப் படித்துக் காட்டிய மணியக்காரர், "கவலைப்படாதே தாயி, அங்கே பால்சோறு உண்டு" என்றார். பூவாயி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். இருப்பது அது ஒன்றுதானே!

முதல் மாதம் அரசன் கறவை மாடு அனுப்பினான். செவந்தி பால் குடித்தாள், கன்னத்தில் சதை வைத்தது, பேசவில்லை. இரண்டாம் மாதம் கிலுகிலுப்பை அனுப்பினான். ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்; பேசவில்லை. மூன்றாம் மாதம் என்ன அனுப்புவதென்று அவனுக்குத் தோன்றவில்லை. பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் ஒச்சம்மா, இவள் வயதுக்காரி, கஞ்சிக் கலயத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஊரே பிள்ளையைப் பார்த்தது. அவள் தாயைப் பார்த்தாள்.

தலைக்கு மேலே ஒரு கடற்காகம் கரைந்தது. செவந்தி அண்ணாந்து வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, உன் கை என்ன பண்ணுதுன்னு பாரு!" என்றாள் ஒச்சம்மா.

"எந்தக் கை?"

பூவாயி குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை பிள்ளையின் வாயைப் பொத்தியிருந்தது. எப்போது போனது? அவளுக்கே தெரியாது. நாய் குரைத்தால், துடுப்புச் சத்தம் கேட்டால், இரண்டு வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்ததா?

"நானேதானா... என் பிள்ளையை நானேதானா..."

"சும்மா இரு. அந்தக் கைதான் அன்னைக்கு அவளைக் காப்பாத்துச்சு. கொள்ளைக்காரன் போயிட்டான்னு அதுக்கு இன்னும் சேதி போய்ச் சேரலை, அவ்வளவுதான். நீ கடைசியா எப்போ நல்லாத் தூங்கின?"

பூவாயிக்கு நினைவில்லை.

"படு. நான் கடலைப் பாத்துக்கிட்டிருக்கேன். படகு வந்தா எழுப்புறேன்."

அன்று மதியம் பூவாயி தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். ஒச்சம்மா அவள் சுமையில் பாதியைத் தூக்கினாள். செவந்தியிடம் ஓயாமல் வாயாடினாள். பூவாயியின் கை எழும்போதெல்லாம் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை எழுவது குறைந்தது, நிற்கவில்லை. பிள்ளையும் பேசவில்லை.

பௌர்ணமி வந்தது. கூண்டு வண்டி வந்தது. மணியக்காரர் வந்தார்.

"அம்மான்னு கூப்பிடு, கண்ணு" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பிள்ளை அவர் முகத்தையே பார்த்தது. அவர் கண் காட்ட, சேவகன் அதைத் தூக்கினான். செவந்தியின் வாய் திறந்தது.

பூவாயியின் கை பாய்ந்தது. ஒச்சம்மா எட்டிப் பிடிப்பதற்குள் பாதி வழியில் பூவாயியே அதை மடக்கித் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"கத்துடீ என் தங்கம்! யாரும் வரமாட்டாங்க, கத்து!"

உப்பளமே அதிர ஓர் அலறல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்:

"மாட்டேன்!"

சேவகனின் தாடியைப் பிடித்து இழுத்து, மறுபடியும், "மாட்டேன்! மாட்டேன்!"

மணியக்காரர் திகைத்துப்போனார். "ஊமைன்னாங்க. ராஜா ஆணையையே எதிர்த்துப் பேசுதே!"

"பேசணும்னுதானே கேட்டீக? என்ன பேசணும்னு ஓலையில இல்லையே" என்றாள் ஒச்சம்மா.

வண்டி காலியாகத் திரும்பியது. மணியக்காரர் நடந்ததையெல்லாம் அரசனிடம் சொன்னார். அதுமுதல், நொந்துபோன வீட்டுக்கு மாடு அனுப்பினால், அந்தத் தாய்க்குத் துணையாக ஒரு பெண்ணையும் கூலி நெல்லோடு அனுப்புவது அந்தச் சீமையில் வழக்கமாயிற்று.

கேட்டுக்கொள்ளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே: பயத்தில் தவிக்கும் தாய்க்குத் துணை நிற்காமல் அவள் பிள்ளையை யாராலும் வளர்த்துவிட முடியாது.