இரண்டு சைலன்சர்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபையில் பாட்டு நடத்துகிற கனகரத்தினம் அக்கா. போன வருஷம் லெந்து என்கிற தவக்கால நாட்களில், ஆராதனை முடிந்து பாய் சுருட்டும்போது சொன்னாள். கேட்டு முடித்தபோது என் கையில் இருந்த பாய் பாதியிலேயே நின்றிருந்தது.

"சிஸ்டர், பொன்மலர் கண்ணு முன்னால செத்துக்கிட்டு இருக்கா. நான் என்ன செய்யட்டும்?"

கேட்டவர் அருமைநாயகம், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொன்மலர் அவர் மனைவி. அவர் கேட்டது சிஸ்டர் கிருபாவதியிடம். ஊர்க்கோடியில் ஜெப வீடு நடத்துகிறவர். வயதில் இவரைவிட மிகவும் சின்னவர். ஆனாலும் வாரம் தவறாமல் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து வேதம் கேட்பார் அருமைநாயகம்.

அன்று சிஸ்டரே அவர் வீட்டுக்கு வந்திருந்தார். முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

"உடம்புல ஒண்ணும் இல்லையாம். ஆனா சாப்பிட மாட்டேங்கா. கஞ்சி கொண்டு வச்சா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதா."

"ஜெபம் பண்ணுதாளா?"

"முழங்கால் போடுதா. சத்தம் வரல."

அவர்களுக்கு ஒரே மகன், எபனேசர். மஞ்சள்காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகிறது. அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையே அருமைநாயகம் சபையில் எழுந்து நின்று, கண் கலங்காமல் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். "விசுவாசம்னா இது" என்று சபையே பேசியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். இந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. அவன் பேரை எடுக்கக் கூடாது.

பொன்மலர் கீழ்ப்படிந்தாள்.

"படத்தை எடுத்தாச்சு சிஸ்டர். துணிமணியைக் கொடுத்தாச்சு. மிச்சம் இந்த வண்டி ஒண்ணுதான். இதையும் தள்ளிவிட்டுட்டா அவ மனசு தெளிஞ்சிரும்."

பழைய வண்டி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். மழையில் நின்று இரண்டும் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டன. இப்படியே கொடுத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று புதிதாக ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தார்.

"ஒர்க் ஷாப்புல விடலாம்லா?"

அருமைநாயகம் குனிந்து நட்டைத் திருகினார்.

"அந்தப் பய இவன்கூடப் படிச்சவன். வண்டியைப் பாத்ததும் பேரைச் சொல்லிருவான்."

சிஸ்டர் சேலையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் குத்தவைத்தார்.

நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தார்கள். ஸ்பானர் வழுக்கி அவர் விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது.

"பைலு புரட்டுன கைக்கு இது லேசுல மசியுமா?" என்று சிஸ்டர் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை.

பழைய குழாய்களை உருவியபோது கரி கொட்டியது. புதியவற்றை மாட்டி முடுக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆண்டவர் எனக்குச் செவி கொடுக்கலியே சிஸ்டர். அவளும் போயிட்டா நான் யாருக்குக் கஞ்சி வைப்பேன்?"

"வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

உதைத்தார். பல உதைக்குப் பிறகு வண்டி உறுமியது.

சிஸ்டர் வாளியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து, இந்தப் பக்கத்துச் சைலன்சரின் வாயைப் பொத்தினார். வண்டி திணறியது. ஆனாலும் ஓடியது.

"என்ன செய்யுதிய சிஸ்டர்!"

"அந்தப் பக்கத்தை நீங்க பொத்துங்க."

"புதுச் சாமான்..."

"பொத்துங்க அண்ணாச்சி."

ஈரத்துணியை மடித்து வைத்து அழுத்தினார். வண்டி இருமியது, குலுங்கியது, அவர் உள்ளங்கையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. அவர் விடவில்லை.

வண்டி நின்றுவிட்டது.

"பெட்ரோல் இல்லையோ?" என்று கேட்டார் சிஸ்டர்.

"இருக்கு."

"இஞ்சின் கோளாறோ?"

"இல்ல, இஞ்சின் நல்லாத்தான்..."

அவர் கை இன்னும் சைலன்சர் வாயிலேயே இருந்தது.

வாசலில் பொன்மலர் நின்றாள். ஒரு வருஷமாகக் கேட்காத அந்தச் சத்தம் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்திருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு முதலில் தெருவைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். அதன் மேல் யாரும் இல்லை. அவள் உதடு அசைந்தது. புருஷனைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அருமைநாயகம் கையை எடுத்தார்.

"எபி வண்டிதான் மலரு," என்றார். "எபிதான் இல்ல."

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள், அந்த வீட்டில் அப்போதுதான் சாவு விழுந்தது என்று நினைத்து.

இன்று படுக்கப் போகுமுன் பொன்மலருக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கள். எபனேசரின் அம்மா என்று சொல்லியே பண்ணுங்கள்.