தளவாய் சுமந்த கதவு

டொக்... டொக்... கிர்ர்ரீச்!

இருட்டிய பிறகு அரண்மனை முழுக்க அப்படியொரு சத்தம். காவல்காரர்கள் பேய் என்றார்கள். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத ராணி செங்கமலம், மகளை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பேயில்லை, தச்சர்கள். கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெகுகாலத்துக்கு முன் மருதவெளி நாட்டை ஆண்ட கீர்த்திமாற ராஜா அப்படிப்பட்டவர். காலையில் ஒரு பயம் வந்தால் மாலையில் அது சட்டமாகிவிடும். பக்கத்து ஊரில் ஒரு வணிகர் வீடு தீப்பிடித்ததாம், கதவு திறக்க வராமல் சிக்கிக்கொண்டதாம். அதைக் கேட்டதிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தீக்காவலுக்குப் பொறுப்பான தளவாய் வச்சிரசேனர் காதோடு சொன்னார்: "கதவே இல்லையென்றால் சிக்குவதற்கு என்ன இருக்கிறது பிரபு? என் ஆட்கள் தண்ணீர்க் குடத்தோடு நேரே உள்ளே ஓடிவருவார்கள்!" கழற்றிய தேக்குக் கதவெல்லாம் தன் புது மாளிகைக்குப் போவதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்றோடு ராணிக்குத் தூக்கம் போயிற்று. தொட்டிலடியில் பூனை. திரையை விலக்கிக்கொண்டு வழிதவறிய தூதுவர். காற்றில் விளக்கணைந்தால் பிள்ளையின் முகம்கூடத் தெரியாத இருட்டு. பொறுக்கமாட்டாமல் அமைச்சர் அம்பலவாணரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அமைச்சரே, எனக்கு முத்துமாலை வேண்டாம். ஒரே ஒரு கதவு வேண்டும். உள்ளே தாழ்ப்பாளோடு."

"மகாராஜாவிடம் கேட்டீர்களா அம்மா?"

"கேட்டேன். 'தீப்பிடித்தால் குழந்தை என்னாவது' என்று அவர் அழுதார். நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று."

அமைச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அவர் பயம் சரிதான் அம்மா. மருந்துதான் தப்பு."

மறுநாள் சபையில் அமைச்சர் ஓர் அகல்விளக்கை ஏற்றி, அதன்மேல் செம்பைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். சுடர் அணைந்திருந்தது.

"எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது. ஏன் அணைந்தது பிரபு? எரிய எண்ணெய் வேண்டும், சூடு வேண்டும், காற்றும் வேண்டும். மூன்றில் ஒன்றைப் பிடுங்கினால் தீ செத்துப்போகும். மூடிய கதவு காற்றைப் பிடுங்கும்."

"அகல்விளக்கும் அரண்மனையும் ஒன்றா ஐயா?" என்று தளவாய் மீசையை முறுக்கினார். "பெரிய தீ வையுங்கள். எனக்குத் தண்ணீர், உங்களுக்குக் கதவு. பார்க்கலாம்!"

"சபாஷ்! தோற்றவர் நாட்டைவிட்டே போகட்டும்!" என்றார் ராஜா. அவருக்குப் பொழுது போக வேண்டுமே.

தோட்டத்தில் கல்லால் கட்டிய இரண்டு அறைகள். ஒன்றுக்கு மட்டும் கதவு. இரண்டிலும் அதிரசம் சுடும் அண்டா நிறைய எண்ணெயைக் காய்ச்சிப் பற்றவைத்தார்கள்.

"தளவாயே, எரிகிற எண்ணெயில் தண்ணீர் வேண்டாம்," என்றார் அமைச்சர்.

"பயந்துவிட்டீரோ?" என்று தளவாய் வாசலில் நின்றபடி ஒரு குடத்தை வீசினார். எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைத் தூக்கியடித்தது. புஸ்ஸென்று தீ கூரைவரை எழும்பி வெளியேயும் பாய்ந்தது. தளவாயின் தலைப்பாகை பற்றிக்கொள்ள, அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

அமைச்சரோ தம் அறையின் கதவைச் சாத்தினார். கீழ்ச்சந்தில் ஈரச் சாக்கைத் திணித்தார். உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

"என்ன ஐயா, தூங்கப்போகிறீரா?" என்றார் ராஜா.

"தீதான் பிரபு தூங்கப்போகிறது. எழுப்பாமல் இருந்தால் போதும்."

"உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஏமாற்று!" என்று தளவாய் பாய்ந்துவந்து கதவை ஒரு சாண் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. படாரென்று நெருப்பு வெளியே வந்தது. மீசையில் பாதி போயிற்று. அமைச்சர் காலால் கதவை உதைத்துச் சாத்தினார்.

"நன்றி தளவாயே. காற்றுக்காக அது எவ்வளவு பசியோடு காத்திருந்தது என்று என்னைவிட நன்றாகக் காட்டினீர்கள்!"

வெகுநேரம் போனது. கதவின் மேல்பலகையில் புறங்கையை வைத்துப் பார்த்து, அது ஆறிய பிறகே அமைச்சர் திறக்கவிட்டார். உள்ளே புகை, கரி, அணைந்த அண்டா. வேறொன்றுமில்லை.

ராஜா கதவைத் தடவிப்பார்த்தார். "இத்தனை நாள் என் மகளைத் தீக்குத் திறந்து வைத்திருந்தேனா?"

"இனி மூடிவையுங்கள் பிரபு. சிக்காத தாழ்ப்பாள் நான் போட்டுத்தருகிறேன்."

"கழற்றிய கதவெல்லாம் எங்கே?" என்று ராஜா கேட்டதும் தளவாயின் பாதி மீசையும் தொங்கிப்போனது.

அவரை நாடு கடத்தவேண்டாம் என்று அமைச்சரே கேட்டுக்கொண்டார். "கதவுகளை யார் சுமப்பது பிரபு?"

அன்று ஊரே வேடிக்கை பார்க்க, தலைப்பாகையில்லாத தளவாய் முதுகில் ராணியின் கதவோடு நடந்தார். "பார்த்து ஐயா, நிலையில் இடிக்காமல்!" என்று தச்சர்கள் கூவினார்கள். அம்பலவாணருக்கு ராஜா தம் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, ஒரு விரலால் திறக்கும்படி இழைத்திருந்தார்கள். செங்கமலம் இரண்டுமுறை திறந்து மூடிப் பார்த்தாள். பூனையை வெளியே விட்டாள். தொட்டிலில் மகள் கொட்டாவி விட்டாள். அம்மாவுக்கும் வந்தது.

கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.