புலிக்கூண்டுச் சாவியும் இரண்டு கொரிய வாக்கியங்களும்

முன்னொரு காலத்தில், ஒரே ஒரு சொல்லின் மேல் தீராத கோபம் கொண்ட அரசர் ஒருவர் இருந்தார். கோதைமார்பர் என்பது அவர் பெயர். மார்கழி மாதத்தில் அவருக்கு மாம்பழ ஆசை வந்தது. சமையல்காரன், "முடியாது, பிரபு" என்றான். பாவம், அவன் பொய்யா சொன்னான்? ஆனாலும் அரசருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இனிச் சபையில் யார் 'முடியாது' என்றாலும் நாடு கடத்தப்படுவார் என்று அன்றே முரசறையச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சபையைப் பார்த்திருக்க வேண்டும். ஆற்றுக்குப் பாலம் கட்ட முடியுமா என்று கேட்டால் முடியும். அரசரின் குறட்டையை நிறுத்த முடியுமா என்றால் பேஷாக முடியும். பாலம் பாதி ஆற்றில் நின்றது. குறட்டை கோட்டைவாசல் வரை கேட்டது. சபையோர் மட்டும் முகம் மலரத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சபையின் விகடகவி அம்பலவன். அரசருக்கு அருகிலேயே அவனுக்கு ஆசனம் போட்டிருந்ததில் மந்திரி வச்சிரசேனருக்குத் தாங்க முடியாத வயிற்றெரிச்சல். இந்த நிலையில்தான் கீழ்க்கடல் கோடியிலிருந்து கொரிய நாட்டுத் தூதர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் காய்ச்சல் கண்டு துறைமுகச் சத்திரத்தில் படுத்துவிட்டார்.

வச்சிரசேனர் சபையில் எழுந்து, அம்பலவனுக்குத் தெரியாத மொழி உண்டா, அவனே தூதருடன் பேசுவதற்கு வழி செய்யட்டும் என்று வாய் இனிக்கச் சொன்னார். அரசர் திரும்பி, "முடியுமா, அம்பலவா?" என்றார்.

அம்பலவன் இரண்டு பதிலையும் எண்ணிப் பார்த்தான். முடியாது என்றால் கைக்குழந்தையும் மனைவியுமாக எல்லை தாண்ட வேண்டும். முடியும் என்றாலோ தூதர் முன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். கொரிய மொழியில் அவனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"முடியும், பிரபு. ஆனால் தாங்களே தூதருடன் பேசுவதுதான் அழகு. நான் கற்றுத்தருகிறேன்."

நேரே சத்திரத்துக்கு ஓடினான். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி ஊற்றி, காய்ச்சலில் குழறும் அவரிடம் கேட்டு இரண்டே இரண்டு வாக்கியங்களைக் கற்றுக்கொண்டு வந்தான்.

மறுநாள் அரசரின் தனியறையில் பாடம் தொடங்கியது. "ஹல் சு இஸ்ஸும்னிதா" என்றால் முடியும் என்று பொருள். வச்சிரசேனர் கதவுக்கு வெளியே காதை வைத்து அதை நெட்டுருப் போட்டார். அடுத்து முடியாது என்பதற்கான வாக்கியம் என்று அம்பலவன் தொடங்கியதும், சட்டம் நினைவுக்கு வந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடியே போனார்.

அரசரும் முகம் சுளித்தார். அம்பலவன் விடவில்லை. "அந்த மொழியில் முடியாது என்பவர் சிறுமைப்படுவதில்லை, பிரபு. செய்ய வழி இல்லை என்றுதான் சொல்கிறார்கள். வழி இல்லாததற்கு ஆள் என்ன செய்வான்?"

அரசர் மெல்லிய குரலில் "ஹல் சு ஒப்ஸும்னிதா" என்றார். மறுபடியும் சொன்னார். ஏனோ தோளிலிருந்து ஒரு சுமை இறங்கினாற்போல் இருந்தது அவருக்கு.

தூதர் சபைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த பரிசு, கூண்டுக்குள் உறுமும் ஒரு புலி. தூதர் ஒரு கையில் கூண்டுச் சாவியும் மறு கையில் ஆட்டுத்தொடையுமாகச் சபையைப் பார்த்து ஏதோ கேட்டார். சாவியைப் பார்த்தவர்களுக்கெல்லாம், கூண்டுக்குள் போய்ப் புலிக்கு இரை வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி என்று விளங்கிவிட்டது. வச்சிரசேனரின் கண் சாவியிலா இருந்தது? அம்பலவன் முகத்தில் அல்லவா இருந்தது. அவனை முந்திக்கொண்டு பாய்ந்து, "ஹல் சு இஸ்ஸும்னிதா" என்று முழங்கினார்.

தூதர் மகிழ்ந்துபோய்ச் சாவியையும் ஆட்டுத்தொடையையும் அவர் கையில் திணித்தார். நிச்சயந்தானா என்பதுபோல் மீண்டும் கேட்டார். மந்திரிக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். அதையே இன்னொரு முறை, இம்முறை கீச்சுக்குரலில், சொன்னார்.

வீரர்கள் அவரைக் கூண்டை நோக்கி மரியாதையாக அழைத்துப் போனார்கள். தமிழில் மறுத்தால் நாடு கடத்தல். கொரிய மொழியில் மறுக்கத் தெரியாது. புலி எழுந்து நின்று சோம்பல் முறித்தது. மந்திரியின் கண்களில் நீர் முட்டியது. அதைப் பார்த்த அம்பலவனுக்கு மனம் இளகிவிட்டது. அரசரின் பக்கம் சாய்ந்து, "இரண்டாம் பாடம், பிரபு" என்றான்.

அரசர் எழுந்தார். சபையே கிடுகிடுக்க, "ஹல் சு ஒப்ஸும்னிதா" என்றார். தூதர் குனிந்து வணங்கிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மந்திரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தூதரை விருந்துக்கு அனுப்பிய பின் அரசர் கேட்டார்: "உண்மையைச் சொல். அந்த மொழி உனக்கு எவ்வளவு தெரியும்?"

"அந்த இரண்டு வாக்கியங்கள்தாம், பிரபு."

"பிறகு ஏன் முடியும் என்றாய்?"

"முடியாது என்று சொல்ல நம் நாட்டில் வழி இல்லை. அதனால் அதைச் சொல்லக்கூடிய மொழியைத் தேடிப் போனேன்."

அரசர் பாதிப் பாலத்தை நினைத்தார், பயந்து பயந்து தலையாட்டும் தம் சபையைப் பார்த்தார். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். உடனே சமையல்காரனிலிருந்து சேனாபதி வரை வரிசையில் நின்று, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த முடியாதுகளையெல்லாம் சொல்லித் தீர்த்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவன் கழுத்தில் போட்டு, "மிச்சக் கொரிய மொழியையும் நாளை முதல் எனக்குக் கற்றுத்தர முடியுமா?" என்றார்.

அம்பலவன் மாலையைச் சரிசெய்துகொண்டு நன்றாக நிமிர்ந்து நின்றான்.

"முடியாது, பிரபு" என்றான். அரசர் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.