தலைக்கு வருமானம்

உப்பளத்தில் கூலிவேலை பார்க்கும் மாடத்தியின் வீட்டுக்கு வருஷாவருஷம் கணக்கெடுப்புக்காரர்கள் வருவார்கள். இந்த வருஷம் அவர்களின் இயக்குநர் சபாநாயகம் அவளை ஒரு விழா மேடையிலேயே ஏற்றிவிட்டார்.

“இந்த வீட்டில் தலைக்கு வருமானம் ஒரே வருஷத்தில் ரெட்டிப்பு! எப்படி முன்னேறினீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்கம்மா,” என்றார் கையில் பொன்னாடையோடு. கூட்டம் கைதட்டியது.

“கூலி ஏறல ஐயா, தலைதான் குறைஞ்சிட்டு,” என்றாள் மாடத்தி. “போன வருஷம் நாலு பேரு. மாமியாரும் என் சின்ன மவளும் மஞ்சக்காமாலையில போயிட்டாவ. மிச்சம் நானும் மவனுந்தான்.”

கைதட்டல் அடங்கியது. சபாநாயகம் பொன்னாடையை மடித்தார். “உங்களுக்கு என்னம்மா செய்யணும்?” என்றார்.

“போன வருஷத்து வறுமையைத் திருப்பித் தாங்கய்யா. அதுக்குள்ளதான் எம்மவ இருக்கா.”