கடைசிச் சரணம்

சிஷ்யருக்குத் தலை முழுக்க நரை. குருவோ அவரைவிடப் பத்து வயது சின்னவர். பெரம்பூரில் ஹில்டா டீச்சரிடம் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ளும் ஜெபராஜுக்கு இதில் கூச்சம் ஒன்றும் கிடையாது. அவருடைய கவலை வேறு.

மறுநாள் சர்ச்சில் ஒரு நினைவு ஆராதனை. மகனைப் பறிகொடுத்த ஞானசௌந்தரி, அவனுக்குப் பிடித்த பாட்டைப் பாடப்போகிறார்.

"கடைசிச் சரணத்துல எனக்குக் குரல் நிக்காதுண்ணே. நீங்கதான் கீழேயிருந்து தாங்கிப் பிடிக்கணும்" என்று அவர் ஜெபராஜிடம் கேட்டிருந்தார்.

தாங்கத்தான் ஜெபராஜுக்கும் ஆசை. எதைக் கொண்டு தாங்குவது என்பதில்தான் தகராறு.

அவரிடம் இருந்தது பழைய மாடல் பேஸ். தந்தியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் ஒன்றே ஒன்று, வருஷக்கணக்காக மாற்றாத தந்திகள், 'தும்' என்று ஒரே குரல்.

"இதுதான்யா பேஸ். மத்ததெல்லாம் பொம்மை" என்றார் சர்ச் இசைக்குழுவின் டிரம்மர் வில்பர்ட்.

"சேத்துல கால வச்ச மாதிரி இருக்கு. என்ன நோட்டுன்னே தெரியல" என்றார் கீபோர்டு வாசிக்கும் திவாகர்.

ஜெபராஜ் புது மாடல் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். சண்டை இன்னும் முற்றியது. இப்போது அந்த இருவரும் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

"எதை எடுக்கட்டும் டீச்சர்?"

"ரெண்டையும் ஒத்திகைக்கு எடுத்துட்டு வாங்க. நானும் வர்றேன்" என்றார் ஹில்டா.

சர்ச்சில் ஹில்டா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் பழையது. ஞானசௌந்தரி பாட, வில்பர்ட் கண்மூடித் தலையாட்டினார். திவாகர் உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்துப் புதியது. ஒவ்வொரு நோட்டும் துலக்கமாக விழுந்தது. திவாகருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வில்பர்ட் வேண்டாவெறுப்பாக டிரம்ஸை அடித்துக்கொண்டிருந்தார். ஜெபராஜ் ஆம்ப் பெட்டி பக்கம் குனிந்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இப்படியும் அப்படியும் திருகிக் கேட்டபடியே வாசித்து முடித்தார்.

"எப்படிக் கணீர்னு இருந்துச்சு, பாத்தீங்களா?" என்றார் திவாகர்.

"உயிரு இருந்துச்சா அதுல?" என்று எகிறினார் வில்பர்ட்.

அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஜெபராஜ் கடைசி பெஞ்சுக்கு வந்தார். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"நாளைக்கு அந்தம்மா உடைஞ்சு போயிடக் கூடாது டீச்சர். நீங்களே சொல்லுங்க, எது தாங்கும்?"

ஹில்டாவின் பார்வை பீடத்துப் பக்கமே இருந்தது.

"ரெண்டாவது தடவை, கடைசிச் சரணத்தைப் பாடினது யாருண்ணே?"

ஜெபராஜ் திரும்பிப் பார்த்தார். ஞானசௌந்தரி மைக்கைத் தழைத்துப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முந்தானை வாயில் இருந்தது.