உப்புப் பார்த்த வாளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூட என் சொந்தச் சரக்கு இல்லை. பொய்யென்று தெரிந்தால் என் மீசையில் ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்து போகட்டும். மறுபக்கத்தோடு நான் கடைவீதியில் நடந்து காட்டுகிறேன்.

சிறுமலை அடிவாரத்தில் கிடாவிருந்து என்றால் சோணமுத்து மாஸ்டர்தான். அவர் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தால் மூன்று கல் தள்ளி ஓடுகிற பஸ் தானாக நிற்கும். டிரைவர் பிரேக் போட்டாரா என்று கேட்காதீர்கள். நின்றது, அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு நெஞ்சு பிடித்துக்கொண்டது. பிழைத்து எழுந்தவரிடம் டாக்டரம்மா கறி, மீன், முட்டை, பால், நெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இனிமேல் கீரை, காய், பருப்பு, தானியம். மறுபடி இப்படி வந்தால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் அன்றைக்கே நிறுத்தினார். தன் வீட்டு விசேஷத்தில் எல்லாரும் எலும்பைத் தட்டிக்கொண்டிருக்க, அவர் ஓரமாக உட்கார்ந்து வாழைத்தண்டுப் பொரியல் தின்றார். மச்சினன்மார் அவருக்கு வெள்ளாடு என்று பெயர் வைத்தார்கள். இலைதழையில் வாய் வைக்கிறாராம். அதையும் பொறுத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் கொழுப்பு இறங்கவே இல்லை. நெஞ்சும் பழையபடி படபடத்தது. டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, திருட்டுத்தனமாகத் தின்கிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

அந்த அவமானத்தோடு அவர் மடப்பள்ளிச் சாமியிடம் வந்தார். மடப்பள்ளி என்றால் கோயில் சமையற்கட்டு. சாமி அங்கே நாற்பது வருஷம் பெருமாளுக்குச் சமைத்துவிட்டு, மலையடியில் குடிசை போட்டு உட்கார்ந்தவர். செவ்வாய்க்கிழமைதோறும் மாஸ்டர் அங்கே போய்க் காய் நறுக்கிக் கொடுப்பார். சாமி அவருக்குச் செய்த உபதேசமெல்லாம், கொஞ்சம் மெல்லிசா நறுக்கு என்பதுதான்.

“ஆறு மாசமா ஒரு துண்டு தின்னல சாமி. கருப்பசாமி மேல சத்தியம். உடம்பு ஏன் கேக்க மாட்டேங்குது?”

சாமி ஒரு புடலங்காயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதன் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலைக்குப் போறியா?”

“போகாம? வாரம் மூணு விருந்து.”

“அங்க?”

“அங்கயும் தின்ன மாட்டேன். உப்புப் பாக்குறதோட சரி.”

“உப்பு.”

“ஆமா சாமி. உப்புப் பாக்குறது சாப்பிடுறதுல சேராதுல்ல?”

சாமி புடலங்காயைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு வாளியை எடுத்து வந்தார். அடுத்த விருந்தில், ஒவ்வொரு தடவை உப்புப் பார்க்கும்போதும் வாயில் போடுகிற அளவை இந்த வாளியிலும் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு அண்டா. ஒவ்வொரு அண்டாவிலும் கறியில் உப்புப் பார்க்க வேண்டும். கறி வெந்ததா என்று பார்ப்பதற்குப் பெயரும் உப்புப் பார்ப்பதுதான். காரம் பார்ப்பதும் அதுதான். அரிசி போட்ட பிறகு ஒரு தடவை, தம் போடுமுன் ஒரு தடவை, தம் உடைத்தபின் ஒரு தடவை. ஓரத்து உப்பும் நடு உப்பும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தால் இரண்டு தடவை. நாலாவது அண்டாவிலேயே வாளி நிறைந்துவிட்டது. மாஸ்டர் விருந்து வீட்டில் ஒரு குடம் இரவல் வாங்கினார்.

வாளியும் குடமும் சாயங்காலம் குடிசைக்கு வந்து சேர்ந்தன. சுவர் வைத்துக்கொண்டிருந்த மூன்று கொத்தனார்களையும், அந்த வழியாகச் சும்மா போன ஒரு ஆளையும் சாமி கூப்பிட்டுப் புளியமரத்தடியில் இலை போட்டார். நாலு பேரும் இடுப்பு வேட்டியைத் தளர்த்தித் தளர்த்தித் தின்றார்கள். அதில் ஒரு கொத்தனார் சாய்ந்தவர் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். அப்படியும் குடத்தில் பாதி மிச்சம்.

சாமி குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“உப்பு மீந்துபோச்சு, சோணமுத்து.”

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உப்புப் பார்க்காமல் அண்டாவை இறக்குவதற்குப் பதில் தன்னை மலையிலிருந்து உருட்டிவிடலாம் என்றார். தன் அண்டாவுக்கு அடுத்தவன் நாக்கு ஆகாது என்றார். ஒரே ஒரு தடவை தப்பினால் போதும், முப்பது வருஷம் சம்பாதித்த பேர் போய்விடும் என்றார்.

சாமி தகரப்பெட்டியைத் திறந்து ஒரு பழைய துணியை எடுத்துக் கொடுத்தார். அவர் மடப்பள்ளியில் கட்டிக்கொண்டிருந்த துணி. சமைக்கிறவன் பெருமாளுக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டுதான் அங்கே அடுப்புப் பக்கம் போவார்.

அடுத்தது ஒரு காதுகுத்து. மாஸ்டர் வாயைக் கட்டிக்கொண்டு அண்டா முன் நின்றார். கொள்ளை போடப் போகிறவர் மாதிரி இருக்கிறதே என்று பந்தலில் சிரித்தார்கள். கைக்கு அளவு தெரியும், மூக்குக்கு ஆவி தெரியும் என்று அவர் உப்பைப் போட்டார். ஐந்து அண்டா அமிர்தம். அன்றைக்கும் பஸ் நின்றது.

ஆறாவது அண்டாவில்தான் உப்புக்குக் கை இரண்டு தடவை போய்விட்டது.

அந்த அண்டா போய்ச் சேர்ந்த பந்தியில்தான் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட குழந்தை கூட அழுகையை நிறுத்திவிட்டதாம், முதல் கவளத்தில் மாமன் போட்ட சத்தத்தில். ராமேசுவரத்துக்குப் போகாமலே சமுத்திர ஸ்நானம் ஆயிற்று என்றார். அந்தப் பேச்சு பந்தி முடிவதற்குள் ஊரைச் சுற்றி வந்தது. தை மாதத்துக்குப் பேசியிருந்த இரண்டு விருந்துகள் வேறு மாஸ்டருக்குப் போயின.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் வந்தார். துவைத்து மடித்த துணியைச் சாமி முன்னால் வைத்தார். டாக்டரம்மா சொன்னது ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம், இனிமேல் தன்னால் ஆகாது என்றார். சாமி துணியைத் தொடவில்லை.

“நாப்பது வருஷம் இதைக் கட்டிக்கிட்டுத்தானே சமைச்சீங்க. ஒரு நாளும் உப்புத் தப்பலையா சாமி?”

“தப்பியிருக்கும்.”

“பெறகு?”

“சாப்பிட்டவர் சொல்லல.”

“எனக்குச் சாப்பிடுறவங்க சொல்றாங்களே. தெருத்தெருவாச் சொல்றாங்க. இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். பத்து வருஷமும் இருந்து கேளு.”

மாஸ்டர் துணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். முறத்திலிருந்த புடலங்காயை இழுத்து வைத்து நறுக்க ஆரம்பித்தார், மெல்லிசாக.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த வழியாகச் சும்மா போன ஆள் அன்றைக்குக் கிருத்திகை விரதம் இருந்ததாக அவன் வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.