பொங்காத மாவும் மூழ்காத பார்வோனும்

தெற்குக் கடற்கரையில் ஓர் ஊர். அதன் பெயரில்தான் பாடபேதம். நண்டுக்கரையார் அதைச் சிப்பிக்குடி என்பர். சிப்பிக்குடியார் நண்டுக்கரை என்பர். நடந்தது என்னவோ ஒன்றுதான்.

அவ்வூரில் ஈஸ்டர் விருந்துக்குக் கரண்டி பிடிக்கும் உரிமை தொபியாசுடையது. அவனுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

ஓராண்டு, புனித வாரத்துப் பௌர்ணமியன்று, பாய் கிழிந்த தோணியில் எலியாகு என்னும் யூத வணிகர் கரையொதுங்கினார். ஊரார் விருந்துக்கு அழைத்தபோது அவர் பொறுமையாக விளக்கினார். அன்றிரவு யூதர்களுக்குப் பாஸ்கா. எகிப்தில் பார்வோன் என்னும் மன்னனுக்கு அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலையான இரவு. அவசரமாகப் புறப்பட்டதால் மாவு பொங்கவில்லை. எனவே பொங்காத அப்பமே உண்பர். துரத்திவந்த பார்வோன், அவர்களுக்குப் பிளந்து வழிவிட்ட கடலில் மூழ்கிப்போனான். இயேசுவும் பாஸ்காவுக்காகத்தான் எருசலேம் வந்தார்; அவர் உயிர்த்தெழுந்ததாகக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் ஞாயிறே ஈஸ்டர்.

ஊர்த்தலைவர் குரூசு தொபியாசை அழைத்து, விருந்தாளி பட்டினி கிடந்தால் ஈஸ்டருக்குக் கரண்டி கைமாறும் என்றார்.

தொபியாசு உடனே, ஈஸ்டருக்கென்று அப்போதுதான் பொங்குவதற்குக் கள் ஊற்றிப் பிசைந்திருந்த மாவுப்பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டான். வணிகர் கள்ளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவசரத்தைப் பற்றித்தான் சொன்னார்.

"ஓடுனா பொங்காது," என்றான்.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை யோசித்தார். "சும்மா எப்படிடே ஓடுறது? பின்னால பார்வோன் துரத்தணும்லா."

அரச பதவி என்பதால் தலைவரே அதை ஏற்றார். ஊரே ஓடிற்று. தம் சாப்பாடு ஓடுவதைக் கண்ட வணிகரும் பின்னால் ஓடினார். பார்வோனுக்குப் படை சேர்ந்துவிட்டதென்று எல்லோரும் இன்னும் விரைந்தனர்.

கடல் குறுக்கிட்டது. அது பிளக்கும் என்று காத்து நின்றனர். வெயிலில் பானை மூடி மெல்ல எழுந்தது.

"நின்னோம்லா, அதான் பொங்கிட்டு," என்றார் கோவில்பிள்ளை, துக்கத்துடன்.

வணிகர் கோதுமை மாவு கேட்டு வாங்கி, நீர் மட்டும் விட்டுப் பிசைந்து, உடனே ஓட்டில் சுட்டெடுத்து, பொழுது சாய்ந்ததும் நிம்மதியாக உண்டார்.

விருந்தாளி பசியாறிவிட்டார். தொபியாசு கரண்டியும் கையுமாகத் தலைவரைத் தேடினான். பார்வோன் கடலில் மூழ்க வேண்டுமென்பது கதை. ஆகவே அவர் கழுத்தளவு நீரில் அமர்ந்திருந்தார். அதற்குள் கடல் உள்வாங்கிவிட, இப்போது ஈரமணலில் அமர்ந்திருந்தார்.

"தலைவரே, கரண்டி எனக்குத்தான?"

"பொறுடே. நான் முங்குனாத்தான் அவிய பாஸ்கா முடியும். அது முடிஞ்சாத்தான் நம்ம ஈஸ்டர் வரும். ஈஸ்டர் வந்தாத்தான் கரண்டி உனக்கு."

தொபியாசுக்குக் கணக்கு விளங்கிற்று. ஓடிப்போய்க் கடலில் ஒரு கரண்டி மொண்டுவந்து தலைவரின் தலையில் ஊற்றினான்.

"சுருக்கா ஊத்துடே," என்றார் பார்வோன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமைக்குள்ள முங்கணும்."